புதூருக்கு ஒரு பழமொழி

மூத்தூரைத் தாண்டிக் கண்மாய்க் கரையோடு போனால், வழி தவறுகிற இடத்தில் வருகிற ஊர்தான் புதூர். வழி தவறாமல் அந்த ஊருக்குப் போனவர்கள் யாருமில்லை என்பார்கள்.

புதூர்க்காரர்கள் தங்கமான மனுஷர்கள். சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அந்த ஊரைப் பிடித்த நோவே அதுதான். ஒருமுறை மாட்டு வைத்தியர், "காய்ச்சல் கண்ட மாடு, மழையில் படுக்க விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கென்று கொட்டியது மழை. நாலு பேர் நாலு பக்கமும் தாங்கிப் பிடித்து, மாட்டைப் படுக்க விடாமல் மழை ஓயும்வரை நின்றார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தொழுவம் இருந்தது. ஆனால் வைத்தியர் தொழுவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. மாடு எப்படியோ பிழைத்துக்கொண்டது. நாலு பேருக்கும் காய்ச்சல்.

பெயர்தான் புதூரே ஒழிய, ஊர் உண்டாகி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. முன்னே இருந்த ஊரைக் கண்மாய் உடைந்து அடித்துக்கொண்டு போகவே, இவர்களுடைய பாட்டன்மார் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து குடியேறினார்கள். ஆடு, மாடு, அம்மி, உரல், குலசாமி கோயில் பிடிமண் என்று எல்லாவற்றையும் மறக்காமல் வண்டியில் ஏற்றியவர்கள், பழமொழிகளை ஏற்ற மட்டும் மறந்துவிட்டார்கள். அது ஒரு குறையாகவே யாருக்கும் தெரியவில்லை, தவசியின் மகள் பூவாயிக்கு மூத்தூரிலிருந்து வரன் வந்து வாசலில் நிற்கும் வரைக்கும்.

தவசிக்கு ஒரே மகள். நல்ல இடமாக அமைய வேண்டுமே என்று அவர் வேண்டாத தெய்வமில்லை. மாப்பிள்ளைப் பையன் சோணைமுத்து கலப்பை பிடித்தால் கோடு போட்டதுபோல உழுவான். குணத்தில் குறை சொல்ல முடியாது. அவனுடைய அப்பா பொன்னையாதான் கொஞ்சம் ஒரு மாதிரி. அந்த மனுஷருக்குப் பழமொழி இல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கக்கூட வராது.

மூத்தூரில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சய தாம்பூலம் மாற்றும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒரு பழமொழி சொல்லித் தட்டை நீட்டுவார்கள். பெண் வீட்டார் பதிலுக்கு ஒன்று சொல்லித் தட்டை வாங்க வேண்டும். ஆவணி மாதத்தில் நல்ல நாளாகப் பார்த்து வந்த பொன்னையா, தட்டைத் தூக்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம்கிறது ஆயிரங்காலத்துப் பயிரு சம்பந்தி" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

தவசி, நாட்டாமை மொக்கைச்சாமியைப் பார்த்தார். மொக்கைச்சாமி தாடையைச் சொறிந்தார்.

"ஆயிரங்காலத்துப் பயிரா? நம்ம கண்மாய்த் தண்ணி பங்குனி வரைக்கும்கூடத் தாங்காதேப்பா."

"கிணத்துப் பாசனம்னா சமாளிச்சிரலாம்ணே" என்றார் வீரணன். ஊரில் யோசிக்கிற வேலை எல்லாம் வீரணனுடையது. "ஆனா ஆயிரம் வருசத்துக்குக் களை எடுக்க ஆளு கெடைக்கணுமே?"

"அதை விடு. அறுப்பு எப்பன்னு கேளு. அறுக்கும்போது நாம இருப்பமா?" என்றார் மொக்கைச்சாமி.

பொன்னையாவின் கையிலிருந்த தட்டு மெல்லக் கீழே இறங்கியது. "யோவ், நான் சொன்னது பழமொழிய்யா. பதிலுக்கு நீங்க ஒண்ணு சொல்லணும்."

மொக்கைச்சாமி எப்போதோ சந்தையில் காதில் விழுந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார்.

"அது எங்க ஊருல நாங்க சொல்றது. உங்க ஊருல ஆனை இருக்கா?"

"இல்லை."

"அப்பச் சறுக்குனது யாரு?"

"போன வாரம் நான் வரப்புல சறுக்கி விழுந்தேன்" என்று வீரணன் தன்னால் ஆன உதவியைச் செய்தார்.

பொன்னையா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சொந்தமா ஒரு சொல்லு இல்லாத ஊருல பொண்ணெடுத்தா, எங்க ஊர் மந்தையில நான் நிமிந்து உக்கார முடியாது. தை மாசம் வர்றேன். உங்க ஊருக்குன்னு ஒரு பழமொழி இருந்தாத் தட்டு மாறும். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்ருவோம்."

சோணைமுத்து கையில் கொடுத்த காபியை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். பூவாயி நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததில் காபியில் ஆடை படிந்துபோயிருந்தது. அப்பா கூப்பிட்டதும் அதைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான். கதவுக்குப் பின்னால் நின்ற பூவாயி அந்த டம்ளரை எடுத்துப் போய்க் கழுவாமல் வைத்திருந்தாள். அதைப் பார்த்த தவசிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பழமொழி என்றால் என்ன, அது எங்கே விளைகிறது என்று தெரிந்தால்தானே கொண்டுவர முடியும்? தவசி, மொக்கைச்சாமி, வீரணன் மூவரும் டவுனுக்குப் போய் ஒரு புலவரைப் பிடித்தார்கள். அவரிடம் தமிழில் சந்தேகம் கேட்டு ஒரு ஆள் வந்து எவ்வளவோ காலமாயிற்று. மூன்று பேர் சேர்ந்து வந்ததும் மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பழமொழி என்றால் பழைய மொழி. முற்காலத்தில் இதை முதுசொல் என்றும் முதுமொழி என்றும் வழங்கினார்கள். முதுமை என்றால் வயது முதிர்ந்தது. நம் பக்கத்தில் சொலவடை என்கிறோம். எல்லாம் ஒன்றுதான்."

"எங்க கெடைக்கும் ஐயா?" என்று கேட்டார் தவசி.

"கிடைப்பதா? அது பிறப்பது ஐயா! யாரோ ஒருவர் எப்போதோ சொல்லியிருப்பார். சொன்னவர் யாரென்று யாருக்கும் தெரியாது. சுருக்கமாக இருக்கும். வாய்க்கு வாய் போகும். போகப் போகப் பழசாகும். பழசானால் அது பழமொழி."

புலவர் மேலும் நிறையச் சொன்னார். ஆனால் மூவரும் எழுந்துவிட்டார்கள். நிறையக் கேட்டால் கேட்டது சிந்திவிடும் என்பது மொக்கைச்சாமியின் கருத்து. சொல் சுருக்கமாக இருக்க வேண்டும், சொன்னது யாரென்று தெரியக்கூடாது, வாய்க்கு வாய் போக வேண்டும், பழசாக வேண்டும் என்று வழி நெடுக ஒப்பித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

ஊர்ப் பொதுவிடமான மந்தையில் எல்லாரும் கூடினார்கள். மற்றதெல்லாம் சரி, பழசாக வேண்டும் என்கிற இடத்தில்தான் வண்டி நின்றது.

"புளி பழசாக ஒரு வருசம் ஆகும்" என்றார் வீரணன். "நெல்லுன்னா ஆறு மாசம். சொல்லு எந்த ரகம்னு தெரியலையே."

"தையிலதான கெடு?" என்று தவசி பதறினார். "அதுக்குள்ள பழசாகலைன்னா எம் மக கதி என்னாகுறது?"

"பதறாத தவசி. வைக்கோல் போர்ல வச்சு மூட்டம் போட்டா வாழைக்காயே சீக்கிரமாப் பழுக்குது. சொல்லையும் அப்படி ஒரு நாள் வச்சுப் பாப்போம்" என்றார் வீரணன்.

"நம்ம வைக்கோல் நனைஞ்சு கெடக்குப்பா. சொல்லு அழுகிரும்" என்றார் மொக்கைச்சாமி.

இந்த விவாதத்தை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த தவசியின் மனைவி காமாயி, "ஏங்க, சோறு ஒரே ராத்திரியில பழசாயிருதே?" என்றாள். "தண்ணி ஊத்தி மூடி வச்சா விடிஞ்சதும் பழைய சோறு. சொல்லுக்கும் தண்ணி ஊத்திப் பாத்தா என்ன?"

இத்தனை ஆம்பளைகள் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்க, பதில் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறதே என்று மொக்கைச்சாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்று சொல்லியிருப்பார். ஆனால் அதற்கும் பழமொழி தெரிந்திருக்க வேண்டுமே.

குயவரிடம் சொல்லிப் புதுக் கலயம் ஒன்று வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அதை மந்தையில் வைத்தார்கள். சொல்லுகிறவர் யாரென்று தெரியக்கூடாது அல்லவா? ஆண்கள் எல்லாரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று வீரணன் எச்சரிக்கவும், காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கலயத்தைச் சுற்றி வர வேண்டும். கலயத்துக்கு நேராக வரும்போது எவருக்கு நல்ல சொல்லாக வாயில் வருகிறதோ, அவர் குனிந்து உள்ளே சொல்லிவிட வேண்டும். இது ஏற்பாடு.

தவசியின் முறை வந்தது. குனிந்து கலயத்தில் வாயை வைத்தார். புது மண் வாசம் அடித்தது. எவ்வளவு தேடியும் அவர் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எப்படியாவது எம் மக கல்யாணம் நடக்கணும் சாமி. அது பழமொழி இல்லை என்பது தவசிக்கே தெரிந்தது. தப்பாக எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள், விவரமான ஆள் எவனாவது சொல்லியிருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் கண்கட்டை அவிழ்த்தபோது எல்லார் முகத்திலும் அதே நிம்மதி இருந்தது.

காமாயி வந்து கலயம் நிறையத் தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடி, மேலே கல்லை வைத்தாள்.

விடிந்ததும் வீரணன் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "நல்லா ஊறிருச்சு. உப்புதான் கொஞ்சம் போடணும்."

"புலவர் உப்பைப் பத்திச் சொல்லலையேப்பா" என்றார் மொக்கைச்சாமி. உப்பு போடவில்லை.

இனி வாய்க்கு வாய் போக வேண்டும். ஊர் முழுக்க வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். பூவாயியும் குடித்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்த நேரம் பார்த்து ஊருக்குள் வந்தார் ஒரு வளையல்காரர். விருந்தாளியை விட்டுவிட்டுக் குடிக்கலாமா? அவருக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள்.

"என்னங்க இது, நீராகாரமா? சோத்தையே காணோமே?"

மொக்கைச்சாமி அவரை உட்காரவைத்து, புலவரில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டுக்கொண்டே வந்த வளையல்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. ஆள் குலுங்கிக் குலுங்கிக் கீழே சாய்ந்துவிட்டார்.

"பாத்தியா, வெளியூர் ஆளுக்கு நம்ம சொல்லு ஒத்துக்கலை" என்றார் வீரணன் கவலையோடு. வளையல்காரர் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கும் போனார். வளையல் விற்கிறவருக்கு ஊருக்குப் பஞ்சமா, வாய்க்குத்தான் பஞ்சமா?

எல்லாம் முடிந்த பிறகுதான் தவசிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "நாட்டாமை, எல்லாம் சரி. அந்தச் சொல்லு என்னது?"

மொக்கைச்சாமி வீரணனைப் பார்த்தார். வீரணன் கலயத்தைப் பார்த்தார். கலயம் காலியாக இருந்தது.

"அது இப்ப வயித்துக்குள்ள இருக்கு" என்றார் வீரணன் கடைசியில். "பக்குவமானா அதுவா வெளிய வரும்."

அன்று மாலை பூவாயி கேட்டாள். "அப்பா, நீங்க கலயத்துல என்ன சொன்னீங்க?"

"யாரு சொன்னதுன்னு தெரியக்கூடாதும்மா."

"யாராச்சும் சொன்னாங்களாப்பா?"

"சொல்லியிருப்பாங்கம்மா" என்றார் தவசி. அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. பூவாயி மாவாட்டப் போய்விட்டாள். அந்த ஊரில் மற்றவர்கள் பாதி யோசித்து முடிக்கும்போதே மீதியைத் தெரிந்துகொள்கிற ஒரே ஆள் அவள்தான்.

தை பிறந்தது. பொன்னையா வந்தார். வருகிற வழியில் வண்டி அச்சு முறிந்து பாதி தூரம் நடந்து வந்ததில் மனுஷர் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தார். சோணைமுத்து பின்னாலேயே தட்டைச் சுமந்து வந்தான். வந்து உட்கார்ந்ததும் அவன் கையில் காபி கொடுத்தார்கள். டம்ளரைப் பார்த்தான். போன தடவை வைத்துவிட்டுப் போன அதே டம்ளர்.

"சரி, சொல்லுங்க" என்றார் பொன்னையா. "பழமொழி எங்க?"

"வயித்துல இருக்கு" என்றார் மொக்கைச்சாமி. "ஒரு நாழி பொறுங்க, வந்துரும்."

ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். தவசி கும்பிட்ட கையை இறக்கவில்லை. ஒரு காக்கை கத்தியது. வெகுநேரத்துக்குப் பிறகு, வீரணனின் அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு ஏப்பம் வந்தது.

பொன்னையா கண்ணை விரித்தார். "இதுதானா?"

மொக்கைச்சாமி நன்றாக யோசித்தார். "சுருக்கமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா யாரு சொன்னதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இது செல்லாது. அடுத்ததைப் பாப்போம்."

பொன்னையாவுக்குப் பொறுமை பறந்தது. "அச்சு முறிஞ்சு, காலு தேஞ்சு, வேலை மெனக்கெட்டு வந்து உக்காந்திருக்கேன். புதூரான் சொல்லுக்குத் தண்ணி ஊத்துன கதையால்ல இருக்கு! எந்திரிடா சோணை, போவோம்!"

தவசிக்குத் தலையில் இடி விழுந்தது. சம்பந்தியின் காலைப் பிடிக்கலாமா என்று அவர் தடுமாறி எழுவதற்குள், கதவுப் பக்கமிருந்து பூவாயியின் குரல் வந்தது.

"மாமா, இப்ப ஒண்ணு சொன்னீங்களே, அது என்னது?"

"எது? ஓ, அதுவா? அது சும்மா பழமொழிம்மா. வெட்டி வேலை பாக்குறவனைப் பாத்துச் சொல்றது. சுத்துப்பட்டு ஊர் பூராம் சொல்லுதே!"

"முதல்ல யாரு சொன்னது மாமா?"

"யாருக்குத் தெரியும்? வாய்க்கு வாய் வர்றதுதான."

"உங்க ஊருல யாராச்சும் சொல்லுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

"எங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு!"

"அப்ப ஊத்துனது யாரு?"

'உங்க ஊருல ஆனை இருக்கா? அப்பச் சறுக்குனது யாரு?' என்று அன்றைக்குக் கேட்ட வாய் அவருடையதுதான். மறுத்துச் சொல்ல ஒரு பழமொழி கிடைக்குமா என்று பொன்னையா தன் களஞ்சியம் முழுக்கத் துழாவினார். அத்தனை பழமொழியில் ஒன்றுகூட அவருக்கு உதவவில்லை. சோணைமுத்து அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டான். "அப்பா, ஊர்ப் பேரே அதுலதான இருக்கு. தட்டைக் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

தட்டு மாறியது. அப்போதே மாசியில் முகூர்த்தமும் குறித்தார்கள். தவசி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு சந்தோஷம் அந்த மனுஷருக்கு.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூத்தூர் ஆட்கள் கிளம்பியதும் வீரணன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, அப்பக் கலயத்துக்குள்ள இருந்தது இந்தச் சொல்லுதானா?"

"ஆமாப்பா" என்றார் மொக்கைச்சாமி. "எப்படியோ வளையல்காரர் வயித்துல முந்திப் பக்குவமாயிருச்சு."

"அது சரிண்ணே. நாம சொல்லை உள்ள விட்டது முன்னாடி. தண்ணி ஊத்தினது பின்னாடி. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"ஊத்தறதுக்கு முந்தியே 'தண்ணி ஊத்துன கதை'ன்னு சொல்லியிருக்கானேண்ணே!"

மந்தையில் இருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்த ஞானி ஒருவர் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்! கூட உட்கார்ந்து கூழ் குடித்திருக்கிறார்! யார் அவர்? ஆனால் தெரிந்துகொண்டால் பழமொழி செல்லாமல் போய்விடும். அது செல்லாமல் போனால் கல்யாணமும் போய்விடும். ரொம்ப நேரம் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எவராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், எல்லாரும் எல்லாரையும் கும்பிட்டுவிடுவது. அன்றிலிருந்து புதூரில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால், இரண்டு பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் விழுந்து கும்பிட்டார்கள். ஏர் கட்டப் போகிறவன் வயலுக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிடும்.

தவசிக்கு மட்டும் மனசு குறுகுறுத்தது. எல்லாரும் கும்பிடுகிறார்களே, நாம் ஒன்றுமே சொல்லவில்லையே என்று தூக்கம் வராமல் புரண்டார். கல்யாணத்தன்று விடியற்காலை கண்மாய்க்குக் குளிக்கப் போகும்போதுதான் அவருக்குப் பளிச்சென்று பட்டது. சொன்னது யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது என்றார் புலவர். யாருக்கும் என்றால் சொன்னவருக்கும் சேர்த்துத்தானே? அப்படியானால், தான்தான் சொன்னதாக இருந்தாலும் தனக்குத் தெரியாதுதானே!

தவசி தண்ணீரை எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு முகம் அவரைப் பார்த்தது. சட்டென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அந்த முகக்காரரும் பதறிப்போய்க் கும்பிட்டார். இவர் இன்னும் குனிந்தார். அவரும் விடவில்லை.

பந்தலில் மேளம் முழங்க ஆரம்பித்துவிட்டது. பெண்ணின் அப்பாவைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடி, கடைசியில் மாலையும் கழுத்துமாகச் சோணைமுத்துவே கண்மாய்க்கு ஓடி வந்தான்.

"மாமா, முகூர்த்தம் தப்பப் போகுது. தாலி கட்டணும், வாங்க!"

தவசி குனிந்தது குனிந்தபடியே, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னார்:

"சத்தம் போடாதீங்க மாப்ள. பெரியவுக இன்னும் நிமிரல. அவுக முதல்ல நிமிரட்டும், பின்னாடியே நான் வந்துர்றேன்."